முட்டிக்கொள்ளாத கோடுகள் எல்லாம் இணைகோடுகள் ஆகிவிடாது

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகளோடு பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிற அதே இடம்தான். கீழே வல்லம் என்கிற மீன்பிடிப் படகு ஒன்று தென்கடலிலிருந்து வடகடலுக்குப் பாலத்தின் அடியில் நுழைந்து போனது. எங்கள் முதுகுக்குப் பின்னால் மண்டபம் பக்கமிருந்து ஒரு பேருந்து வந்து பாம்பனை நோக்கிப் போனது. அவள் பிளஸ் டூ படிக்கிறாள், அந்த வாரம்தான் முப்பரிமாணக் கோடுகள் நடத்தியிருக்கிறார்கள்.

"மாமா, இந்த பஸ்ஸும் அந்த வல்லமும் எத்தனை தடவை போனாலும் முட்டிக்காதுல்ல? அப்ப ரெண்டும் இணைகோடுதானே?"

இல்லை. ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. "நாம ரெண்டு பேரும் தண்டவாளம் மாதிரி, சேரவே மாட்டோம்" என்று ஊரே பேசுகிறது, ஆறாம் ஏழாம் வகுப்பில் "ஒன்றையொன்று வெட்டாத கோடுகள் இணைகோடுகள்" என்று மனப்பாடம் செய்திருக்கிறோம், பிறகு பிளஸ் டூவில் திடீரென்று மூன்று சமன்பாடுகளை அடுக்கிக் கொடுத்து "இவை இணையா என்று காண்க" என்றால் பிள்ளைகள் முதலில் என்ன செய்வார்கள்? வெட்டுகிறதா என்று பார்ப்பார்கள். வெட்டவில்லை என்றால் இணை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மாலையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் நான் அதிகமாகப் பார்க்கிற பிழை இதுதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல், குறை எண் தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

தாளில் சரி, கடலில் தப்பு

ஒரு தாளில் இரண்டு நேர்கோடுகள் போட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். எங்கேயாவது வெட்டிக்கொள்ளும், இல்லையென்றால் இணையாக ஓடும். தாளில் மேலே ஏறிப் போக வழியில்லை, கீழே நுழைந்து போகவும் வழியில்லை. அதனால் தாளைப் பொறுத்தவரை "வெட்டாதது இணை" என்பது சரியான பேச்சுதான்.

நாம் வாழ்கிற இடம் தாள் மாதிரி இல்லை. பேருந்து மேலே போகிறது, வல்லம் அதன் அடியில் போகிறது. பேருந்து ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கே, வல்லம் தெற்கிலிருந்து வடக்கே. இரண்டும் முட்டவில்லை என்பதற்குக் காரணம் உயர வித்தியாசம்தான். இரண்டும் போகிற திசைக்கும் ஒன்றுக்கொன்று எந்த ஒட்டும் இல்லை. இப்படி வெட்டவும் செய்யாமல் இணையாகவும் இல்லாமல் போகிற கோடுகளைப் பாடப்புத்தகம் ஒரு தளம் அமையாக் கோடுகள் என்று சொல்கிறது. பெயர் கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது. தளம் என்றால் எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே போகிற ஒரு தட்டையான பரப்பு. இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தட்டைப் பரப்பில் வைக்க முடியாது.

இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கருவாடு காயப்போடுகிற இடத்தில் நான்கு கம்பு நட்டு இரண்டு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள், மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு இறுக்குங்கள். இரண்டு கயிறும் இணையாக இருந்தால் தார்ப்பாய் பலகை மாதிரி தட்டையாக நிற்கும். ஒரு கயிற்றின் ஒரு முனையை மட்டும் ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டிவிட்டால் தார்ப்பாய் முறுக்கிக்கொள்ளும், மழை பெய்தால் ஒரு மூலையில் தண்ணீர் கட்டும். கயிறுகள் இரண்டும் இன்னமும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் இணை போய்விட்டது.

ஆக, முப்பரிமாணத்தில் இணை என்பது ஒரே திசையில் ஓடுவது. முட்டுகிறதா இல்லையா என்பது தனிக் கேள்வி.

மூன்று எண்ணில் ஓர் இடம்

கடலில் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் எங்கிருந்து அளக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு படகுத்துறையின் நுனியை, தண்ணீர் மட்டத்தில், எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர், தண்ணீருக்கு மேலே எத்தனை மீட்டர் என்று மூன்று எண் சொன்னால் அந்த இடம் தப்பாது. மேற்கே போனால் முதல் எண் குறை எண் ஆகும், தெற்கே போனால் இரண்டாவது, தண்ணீருக்குள் இறங்கினால் மூன்றாவது. (10, 20, −4) என்றால் கிழக்கே 10, வடக்கே 20, தண்ணீருக்கு 4 மீட்டர் கீழே.

புத்தகத்தில் இந்த மூன்றுக்கும் எக்ஸ், ஒய், இசட் என்று பெயர் வைத்திருப்பார்கள். நான் இங்கே கி, வ, உ என்று எழுதப்போகிறேன்: கிழக்கு, வடக்கு, உயரம். எழுத்து மாறுவதால் கணக்கு மாறாது, எது எந்தப் பக்கம் என்று மறக்காமல் இருக்கும்.

பருந்தின் பாதையை எழுதுவது

துறைக்குப் பக்கத்தில் செம்பருந்து ஒன்று வட்டமடித்துக்கொண்டிருக்கிறது, மீனைப் பார்த்துவிட்டது, நேர்கோட்டில் இறங்க ஆரம்பிக்கிறது. ஆரம்பிக்கும்போது அது இருந்த இடம் (10, 20, 30). ஒவ்வொரு நொடிக்கும் கிழக்கே 2 மீட்டர், வடக்கே 3 மீட்டர் போகிறது, 1 மீட்டர் கீழே இறங்குகிறது. நொடிகளின் எண்ணிக்கையை நொ என்று வைத்துக்கொண்டால்:

கி = 10 + 2நொ
வ = 20 + 3நொ
உ = 30 − நொ

அவ்வளவுதான். பிள்ளைகள் பயப்படுகிற துணையலகுச் சமன்பாடுகள் இவைதான். கி, வ, உ மூன்றையும் நேரடியாகச் சேர்த்துக் கட்டாமல், பக்கத்தில் ஒரு துணை எண்ணை வைத்துக்கொண்டு மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறோம். அந்தத் துணை எண்தான் துணையலகு, இங்கே நொ. நொ-வுக்கு 0 போட்டால் பருந்து கிளம்பிய இடம் வருகிறது. 30 போட்டால் (70, 110, 0), அதாவது தண்ணீர் மட்டம். −5 போட்டால் (0, 5, 35), அதே கோட்டில் ஐந்து நொடி பின்னோக்கிப் போன இடம். பருந்து தண்ணீரோடு நின்றுவிடும், கோடு நிற்காது. 31 போட்டால் கடலுக்குள் இறங்கிவிடும். கணக்கில் கோடு என்றால் இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிற கோடு, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சமன்பாடுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள். 10, 20, 30 ஆகியவை எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கின்றன. 2, 3, −1 ஆகியவை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கின்றன. மூன்றாவது வரியில் நொ-வுக்கு முன் எண்ணே இல்லையே என்று கேட்கலாம். கழித்தல் குறி மட்டும் இருந்தால் அது −1. துணையலகை ஒட்டி நிற்கிற இந்த மூன்று எண்களுக்கும் திசை விகிதங்கள் என்று பெயர். விகிதம் என்று ஏன் சொன்னார்கள் என்பது இப்போது தெரிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி

வேறொரு கோடு தருகிறார்கள்:

கி = 50 − 4ம
வ = 7 − 6ம
உ = 12 + 2ம

துணையலகுக்கு இங்கே ம என்று வேறு எழுத்து வைத்திருக்கிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இது பருந்தின் கோட்டுக்கு இணையா?

50, 7, 12 மூன்றையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். உண்மையாகவே மூடிக்கொள்ளுங்கள், என்னிடம் படிக்கிற பிள்ளைகளை அப்படித்தான் செய்யச் சொல்வேன். கிளம்பிய இடத்துக்கும் இணைக்கும் சம்பந்தமே இல்லை. மிச்சம் இருப்பது −4, −6, 2. பருந்துக்கு 2, 3, −1.

பருந்தின் மூன்று எண்களையும் ஏதாவது ஒரே எண்ணால் பெருக்கி மற்ற மூன்றையும் வரவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 2-ஐ −4 ஆக்க −2 ஆல் பெருக்க வேண்டும். அதே −2 ஆல் 3-ஐப் பெருக்கினால் −6, சரி. −1-ஐப் பெருக்கினால் 2, சரி. மூன்றுக்கும் ஒரே எண் ஒத்துவந்துவிட்டது. இணை.

குறை எண் வந்ததே, எதிர்ப்பக்கம் போகிறதே, அது எப்படி இணையாகும் என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ராமேஸ்வரத்துக்கு வருகிற ரயிலும் திரும்பிப் போகிற ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. ரயில் எந்தப் பக்கம் போனாலும் தண்டவாளம் அப்படியேதான் கிடக்கிறது. நாம் கேட்பது தண்டவாளத்தைப் பற்றி. அதேபோல, −2 என்பதில் இருக்கிற 2, இரண்டாவது கோட்டில் போகிறவர் இரண்டு மடங்கு வேகமாகப் போகிறார் என்று மட்டும் சொல்கிறது. வேகத்தால் கோடு சாய்ந்துவிடாது. (2, 3, −1), (4, 6, −2), (−4, −6, 2), (1, 1.5, −0.5) எல்லாம் ஒரே திசையை நான்கு விதமாகச் சொல்வதுதான். எண்கள் மாறலாம், அவற்றுக்குள் இருக்கிற விகிதம் மாறக்கூடாது. அதனால்தான் திசை விகிதங்கள் என்ற பெயர்.

இவ்வளவு தெரிந்தால், "இந்தக் கோட்டுக்கு இணையாக இன்ன புள்ளி வழியாகப் போகும் கோட்டை எழுதுக" என்ற கேள்வியும் ஒரு வரிக் கணக்கு ஆகிவிடுகிறது. பருந்தின் கோட்டுக்கு இணையாக (0, 5, −4) வழியாக வேண்டுமா? கிளம்பும் இடத்தை மட்டும் மாற்றுங்கள், திசையைத் தொடாதீர்கள்: கி = 2ம, வ = 5 + 3ம, உ = −4 − ம. தண்ணீருக்கு 4 மீட்டர் கீழேயிருந்து இன்னும் கீழே இறங்குகிற கோடு, மேலே பறக்கிற பருந்தின் பாதைக்கு இணையாக.

சுருக்கமாக: கூட்டலில் நிற்கிற எண்களை மூடு, துணையலகை ஒட்டிய எண்களைப் பார், ஒரே பெருக்கு எண் மூன்றுக்கும் ஒத்துவந்தால் இணை.

மேலிருந்து பார்த்தால் ஏமாற்றும்

இரண்டு எண்கள் ஒத்துவந்ததும் மூன்றாவதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இதில் தடுமாறுகிறவர்கள் நிறைய.

(2, 3, −1), (4, 6, −3) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். 2-க்கு 4, இரண்டு மடங்கு. 3-க்கு 6, இரண்டு மடங்கு. −1-க்கு −3, மூன்று மடங்கு. போயிற்று, இணை இல்லை.

ஆனால் இதை நடு உச்சி வெயிலில் மேலிருந்து பார்க்கிற மாதிரி நினைத்துப் பாருங்கள். இரண்டு பருந்துகள் இந்த இரண்டு திசையிலும் இறங்குகின்றன, சூரியன் நேர் மேலே நிற்கிறது, அவற்றின் நிழல் மணலில் விழுந்து ஓடுகிறது. நிழலுக்கு உயரம் கிடையாது. முதல் நிழலின் திசை (2, 3), இரண்டாவது நிழலின் திசை (4, 6). நிழல்கள் இணையாகத்தான் ஓடும்! மேலே பறவைகள் ஒன்று சாய்வாக, ஒன்று இன்னும் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்கும். வரைபடத்தை மட்டும் பார்த்து இணை என்று சொல்கிறவர் நிழலைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்.

கண்ணும் இதே மாதிரி எதிர்ப்பக்கத்திலிருந்து ஏமாற்றும். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் ஒரு முனையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கத் தூண் வரிசைகளும் தூரத்தில் நெருங்கி ஒரே இடத்தில் போய்ச் சேர்வது மாதிரி இருக்கும். நடந்துபோனால் அகலம் குறைவதே இல்லை. நிழல் இணையில்லாததை இணை என்று காட்டும், கண் இணையானதை இணையில்லை என்று காட்டும். திசை எண்கள் மூன்றையும் ஒப்பிட்டால் இந்த இரண்டு மயக்கமும் வராது.

பூஜ்யம் வந்தால்

கரையோரத்துப் பனைமரம் ஒன்றைக் கோடாக எழுதினால், அடிமரம் (5, 8, 0) என்ற இடத்தில் இருந்தால், கி = 5, வ = 8, உ = ம. முதல் இரண்டு வரியில் துணையலகே இல்லை. பிள்ளைகள் உடனே 5, 8, 1 என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. துணையலகு இல்லை என்றால் அந்தப் பக்கம் நகரவில்லை என்று பொருள், திசை (0, 0, 1). பக்கத்துப் பனைக்கும் அதே (0, 0, 1), அதனால்தான் நேராக நிற்கிற பனைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணை.

பூஜ்யம் இருக்கும்போது வகுத்துப் பார்க்கிற பழக்கம் காலை வாரிவிடும். (0, 4, −2), (0, 6, −3) இணையா? முதல் எண்களை வகுத்தால் பூஜ்யத்தை பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வருகிறது, அதற்கு விடை கிடையாது. அதனால் பூஜ்யம் இல்லாத ஓர் இடத்தில் பெருக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள்: 4-ஐ 6 ஆக்குவது 1.5. இப்போது பெருக்கிச் சரிபாருங்கள்: 0 × 1.5 = 0, −2 × 1.5 = −3. இணை. இரண்டாவது கோட்டில் முதல் எண் 0-க்குப் பதில் 1 ஆக இருந்திருந்தால் கதை முடிந்தது, ஏனென்றால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் 1 வராது. பூஜ்யத்துக்கு நேரே பூஜ்யம்தான் நிற்க வேண்டும்.

பேருந்தையும் வல்லத்தையும் இப்போது எழுதிவிடலாம். அளக்கும் இடத்தை இந்தக் கணக்குக்கு மட்டும் பாலத்தின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, தண்ணீர் மட்டத்துக்கு மாற்றிக்கொள்வோம். சாலை 20 மீட்டர் உயரத்தில் மட்டமாக நேர் கிழக்கே போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பேருந்து: கி = −300 + 10நொ, வ = 0, உ = 20. வல்லம்: கி = 0, வ = −100 + 4ம, உ = 0. திசைகள் (10, 0, 0), (0, 4, 0). 10-க்கு நேரே 0 நிற்கிறது, இணை இல்லை. ஒன்றின் உயரம் எப்போதும் 20, மற்றதன் உயரம் எப்போதும் 0, வெட்டவும் செய்யாது. அக்கா மகளின் கேள்விக்கு எண்ணில் பதில் இதுதான்.

இணையா, ஒரே கோடா?

திசை ஒத்துவந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளும் ஒரே கோட்டையே இரண்டு விதமாகச் சொல்வதாக இருக்கலாம்.

கி = 16 + 6ம, வ = 29 + 9ம, உ = 27 − 3ம. பருந்தின் கோட்டோடு ஒப்பிட்டால் பார்வைக்கு ஒரு எண்கூட ஒன்றாக இல்லை. திசை (6, 9, −3), பருந்தின் திசையைப் போல மூன்று மடங்கு. சரி, இணை. இப்போது இதன் கிளம்பும் இடமான (16, 29, 27) பருந்தின் பாதையில் இருக்கிறதா என்று பார்ப்போம். 16 = 10 + 2நொ என்றால் நொ = 3. அதே 3-ஐ மற்ற இரண்டிலும் போடுங்கள்: 20 + 9 = 29, ஒத்துப்போகிறது. 30 − 3 = 27, இதுவும். ஆக இது அதே கோடு, மூன்று நொடி தள்ளிக் கிளம்பி மூன்று மடங்கு வேகத்தில் போகிற இன்னொரு பருந்து, அவ்வளவுதான்.

முன்னே பார்த்த (50, 7, 12)-க்கு இதையே செய்தால் 50 = 10 + 2நொ, நொ = 20 வருகிறது. 20 + 3 × 20 = 80, ஆனால் வேண்டியது 7. ஒத்துவரவில்லை, அதனால் அது தனிக்கோடு, எங்கேயும் தொடாமல் பக்கத்திலேயே ஓடுவது. திசை ஒன்றாக இருக்கும்போது ஒரே ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும். ஒரு புள்ளி பொதுவாக இருந்தால் முழுக் கோடும் பொது.

ஒரே எழுத்து, இரண்டு கடிகாரம்

நொ, ம என்று இரண்டு எழுத்து வைத்ததற்குக் காரணம் சொல்வதாகச் சொன்னேன். இரண்டு படகுகள் தண்ணீரில் போகின்றன. முதல் படகு: கி = 2நொ, வ = நொ. இரண்டாவது: கி = 40 − ம, வ = 2ம. இரண்டுக்கும் உ = 0.

இரண்டிலும் ஒரே எழுத்தைப் போட்டால் என்ன ஆகும்? வடக்கு எண்களைச் சமப்படுத்தினால் நொ = 2நொ, அதாவது நொ = 0. கிழக்கு எண்களில் 0-ஐப் போட்டால் 0 = 40. முடியாது. "வெட்டவில்லை" என்று எழுதிவிடுவார்கள், பழைய வழக்கப்படி "எனவே இணை" என்றும் சேர்த்துவிடுவார்கள். இரண்டும் தப்பு.

தனித்தனி எழுத்தோடு செய்தால் நொ = 2ம, 2நொ = 40 − ம. முதலாவதை இரண்டாவதில் போட்டால் 4ம = 40 − ம, ம = 8, நொ = 16. வெட்டும் இடம் (32, 16, 0). பாதைகள் வெட்டிக்கொள்கின்றன, படகுகள் மோதிக்கொள்ளவில்லை. இரண்டாவது படகு 8-ஆவது நொடியில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது, முதல் படகு 16-ஆவது நொடியில்தான் வந்து சேர்கிறது. கடலுக்குப் போகிற யாரும் இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் இருக்க மாட்டார்கள்: போன வழியை நானும் கடக்கிறேன் என்பது வேறு, அந்த நேரத்தில் அவனும் அங்கே இருக்கிறான் என்பது வேறு. கோடுகளைப் பற்றிய கேள்வியில் நேரம் கிடையாது, பாதை மட்டும்தான். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அதனதன் கடிகாரம் இருக்கட்டும்.

இணையா என்று மட்டும் கேட்டால் இவ்வளவு தூரம் வரவே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். (2, 1, 0), (−1, 2, 0) என்று திசைகளைப் பார்த்தவுடனேயே விடை வந்துவிடும்.

வலைக் கயிற்றில் ஒரு கணக்கு

சில நேரம் சமன்பாடே தராமல் கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை மட்டும் தருவார்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் திசை வந்துவிடும், போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கிளம்பிய இடத்தைக் கழித்தால் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்பதுதானே மிச்சம்.

மீன்வலைக்கு மேலே மிதவை கட்டிய கயிறு, கீழே ஈயம் கட்டிய கயிறு. மேல்கயிறு (0, 0, 0)-லிருந்து (60, 80, 0) வரை நீண்டிருக்கிறது, 100 மீட்டர். கீழ்க்கயிறு (3, −4, −6)-லிருந்து (63, 76, −6) வரை. மேல்கயிற்றின் திசை (60, 80, 0). கீழ்க்கயிறு: 63 − 3 = 60, 76 − (−4) = 80, −6 − (−6) = 0. அதே திசை. வலை மொத்தமாகக் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் கயிறுகள் இணையாகவே இருக்கின்றன, வலை சுவர் மாதிரி தட்டையாக நிற்கிறது.

நீரோட்டம் கீழ்க்கயிற்றின் மறுமுனையை மட்டும் இழுத்து (66, 72, −5)-ல் கொண்டுபோய் விட்டது என்றால்? திசை (63, 76, 1). பெருக்கு எண் எதுவாக இருந்தாலும் 0-ஐ 1 ஆக்க முடியாது, அங்கேயே விடை தெரிந்துவிட்டது. கயிறுகள் எங்கேயும் தொடவில்லை, ஆனால் வலை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. தார்ப்பாயில் பார்த்த அதே முறுக்கு.

இன்னொரு வடிவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பரீட்சையில் வரும். (கி − 10)/2 = (வ − 20)/3 = (உ − 30)/(−1) என்று கொடுத்திருந்தால் கீழே நிற்கிற 2, 3, −1 தான் திசை. மேலே (10 − கி)/2 என்று திருப்பிப் போட்டிருந்தால் மட்டும் உஷாராக இருங்கள். அதை (கி − 10)/(−2) என்று மாற்றிய பிறகுதான் எண்ணை எடுக்க வேண்டும். கேள்வி எழுதுகிறவர்கள் இதை விரும்பித்தான் வைக்கிறார்கள்.

பழைய பாலம், புதிய பாலம்

அன்றைக்குப் பாலத்தின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ரயில் பாலம் தெரிந்தது. இணை என்றால் என்ன என்று அவளுக்குக் கடைசியாகப் புரியவைத்தது அதுதான்.

1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் இரண்டு கை மாதிரி மேல்நோக்கிச் சாய்ந்து திறந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் அப்படி இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல், சாயாமல், அப்படியே 17 மீட்டர் வரை லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே ஏறுகிறது.

படுத்திருக்கும்போது தண்டவாளத்தின் திசை (1, 0, 0) என்று வைத்துக்கொள்வோம். பழைய பாலத்தின் ஒரு கை சாய்ந்து எழும்போது, ஒரு கட்டத்தில் கிடையாக 3 மீட்டருக்கு 4 மீட்டர் உயரம் என்ற சாய்வில் நிற்கிறது என்றால் அதன் மேல் இருக்கிற தண்டவாளத்தின் திசை (3, 0, 4). மூன்றாவது எண் 0-விலிருந்து 4 ஆகிவிட்டது. கீழே இருக்கிற தண்டவாளத்துக்கு இது இணை இல்லை. திசையே மாறிவிட்டது.

புதிய பாலத்துக்கு, படுத்திருக்கும் தண்டவாள மட்டத்தையே உயரம் 0 என்று எடுத்துக்கொண்டால், கீழே: கி = ம, வ = 0, உ = 0. முழுக்க ஏறியபின்: கி = ம, வ = 0, உ = 17. திசை (1, 0, 0) அப்படியே இருக்கிறது. மாறியது கிளம்பும் இடம் மட்டும்.

அவள் கைப்பேசியில் இரண்டு வரியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பாதி ஏறி நிக்கும்போதும் இணைதான், இல்ல மாமா? 17-க்குப் பதிலா 8.5, அவ்வளவுதான்."

"ஆமா."

"அப்ப ஏறிக்கிட்டே இருக்குற நேரம் முழுக்க இணை. ஆனா ரயில் போக முடியாது."

"ஏன்?"

"இணையா இருந்தா மட்டும் போதாதே மாமா. உ பூஜ்யம் ஆகணும். ரெண்டும் ஒரே கோடா ஆனாத்தானே ரயில் போகும்."